இங்கன ஒண்ணும் இல்ல சார்

அவரை நான் மொத்தம் ஐந்து முறைதான் பார்த்திருக்கிறேன். நான்கு முறை திருநெல்வேலியில், ஒரு முறை வள்ளியூரில். ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்குப் பார்த்தேன், எவ்வளவு நேரம், வெயிலா மேகமா என்பதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அவர் பெயரும் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு முறை ஓரிடத்தில் எழுதிக் கொடுத்ததே போதும்.

நாற்கரச் சாலையை ஒட்டிய கார் ஷோரூமில், வண்டி ஒப்படைக்கும் பிரிவில் அவர் வேலை பார்த்தார். லாரியில் வந்து இறங்கும் புது வண்டியைக் கழுவுவது, மேலே ஒட்டியிருக்கும் தாள்களையும் ஸ்டிக்கர்களையும் உரிப்பது, துடைப்பது, வாங்க வந்தவர் சுற்றிப் பார்க்கும்போது கூடவே நடப்பது. வயது நாற்பத்தைந்து இருக்கும். மெலிந்த உடம்பு. கம்பெனி கொடுத்த சட்டை ஒரு அளவு பெரியது, தோளில் நிற்காது. நெற்றியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் திருநீறு. விரலில் மோதிரம் இல்லை, மணிக்கட்டில் கயிறோ கடிகாரமோ இல்லை. பெல்ட்டின் பக்கிளை மட்டும் வயிற்றுக்கு நேரே வைக்காமல் இடது இடுப்புக்குத் தள்ளி வைத்திருந்தார்.

நாள் முழுக்கக் காருக்குப் பக்கத்தில் நிற்கிறவர், பக்கிள் உரசிக் கீறல் விழாமல் இருக்க அப்படிச் செய்வார் என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது. முதல் நாள் நான் எழுதி வைத்தது இது: "பக்கிள் பக்கவாட்டில். ஏன்?"

நான் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியில் அளவியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கம்பியின் விட்டம், தகட்டின் கனம், இரண்டு பரப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி இவற்றையெல்லாம் அளப்பதும், அளந்ததைச் சரிபார்ப்பதும் இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு. வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. காய்கறிக்காரர் தராசை மேசையில் வைத்தால் மேசை மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

கார் என்னுடையதல்ல. என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கப்பலில் என்ஜினியர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நோட்டுப் புத்தக அட்டையில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காராக வரைந்து தள்ளியவன். நாற்பது வயதில் அதை வாங்க முடிந்தது. ஆனால் வண்டி வந்து சேர்ந்த நேரத்தில் அவன் நடுக்கடலில் இருந்தான். விடுமுறைக்கு ஆறு வாரம் இருந்தது. போனில் பேசி அனுப்பினான்.

"அத்தான், நீங்க போய்ப் பாத்துக் கையெழுத்துப் போட்டா போதும். நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி."

என் மனைவி பள்ளித் தலைமையாசிரியை. அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவன் எல்லாரையும் நம்புதான். நீங்க யாரையும் நம்ப மாட்டீங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு காரு. சரியாத்தான் இருக்கு."

கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு கண்ணில் படும் எந்தக் குறைக்கும் ஷோரூம் பொறுப்பில்லை. அந்தத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் அப்படி இருந்தது. மச்சினனின் இருபத்தைந்து வருட ஆசை என் பேனா முனையில் நின்றது என்று சொன்னால் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றலாம். அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது.

முதல் முறை போனபோது வண்டி உள்ளே விளக்குகளுக்குக் கீழே இல்லை. பின்பக்கம், கழுவும் முற்றத்தில், பத்து மணி வெயிலில் நின்றது. நீல நிறம். சாதாரண நீலமல்ல, பொடிப்பொடியாக உலோகம் கலந்த நீலம். எங்கள் தெரு வேகத்தடையில் வயிறு இடிக்காமல் தாண்டுமா என்று சந்தேகப்படும்படியான உயரம். டை கட்டிய இளைஞரான மேலாளர் வேகமாக வந்து அவரைக் கேட்டார்.

"உள்ள ஏசியில நிறுத்தச் சொன்னேன்லா?"

"உள்ள எடம் இல்ல சார்."

உள்ளே இரண்டு வண்டி நிறுத்த இடம் இருந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன். அதையும் குறித்துக்கொண்டேன். பொய், ஒன்று.

நான் முன் இடது மூலையிலிருந்து ஆரம்பித்துச் சுற்றி வந்தேன். அவர் எனக்கு நான்கடி முன்னால் நடந்தார். வலது பின்பக்கம் வந்ததும் நின்றார். காரைத் தொடாமல், ஆனால் காருக்கும் எனக்கும் நடுவில்.

"இங்கன ஒண்ணும் இல்ல சார்," என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் ஒரு மனிதர் ஒன்றும் இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்? தள்ளி நிற்கச் சொன்னேன். உடனே தள்ளினார். குனிந்து பார்த்தேன். வெயில் பட்ட இடத்தில், மேல்பூச்சுக்கு அடியில், தூசி மணிகள் சிக்கியிருந்தன. உள்ளங்கை அளவு இடத்தில் ஏழு. விரலால் தடவினால் நெருடாது, பார்த்தால்தான் தெரியும்.

வலது கதவின் கீழ் விளிம்பிலும் அப்படியே நின்றார். "இங்கன ஒண்ணும் இல்ல சார்." அங்கே பெயிண்டு ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாக இருந்தது. நல்ல பூச்சில் சூரியன் ஒரே வட்டமாகத் தெரியும். இதில் நொறுங்கித் தெரிந்தது. மூன்றாவது, பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு. ஒழுகி அப்படியே உறைந்துபோன ஒரு துளி, கடுகு அளவு. அங்கேயும் அதே நிற்பு, அதே வாக்கியம், அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அன்று மாலை எழுதியது: "குறை இருக்கும் இடத்தில் போய் நிற்கிறார். மறைக்கிறார். ஆனால் தள்ளச் சொன்னால் உடனே தள்ளுகிறார்." முதல் இரண்டு வாக்கியங்களையும் அடிக்கோடிட்டிருக்கிறேன். மூன்றாவதை விட்டுவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். இட்லி மாவில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.

"எங்க ஸ்கூல்ல இப்படித்தான். ஜன்னல் கண்ணாடிய உடைச்ச பிள்ள அந்த ஜன்னலுக்கு முன்னாலயே கையக் கட்டிக்கிட்டு நிக்கும். நாம கேக்கதுக்கு முன்னால 'நான் இல்ல டீச்சர்' ங்கும்."

அவளும் அப்படிச் சொன்னதால் எனக்கு உறுதியாகிவிட்டது. அவளைக் குறை சொல்லவில்லை. நான் எப்படிச் சொன்னேனோ அதற்குத்தான் அவள் பதில் சொன்னாள்.

தூசியும் குழிகளும் தொழிற்சாலையிலேயே சில வண்டிகளுக்கு வரும் சிறு குறைகள், மெருகு போட்டால் போய்விடும் என்றார் மேலாளர். நான்கு நாள் கழித்து மாலை நாலு நாற்பதுக்குப் போனேன். இந்த முறையும் வண்டி வெளியேதான் நின்றது, சாய்ந்த வெயிலுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு. தூசி மணிகள் போயிருந்தன. துளியும் போயிருந்தது. அவர் பின் கண்ணாடியின் ரப்பர் ஓரத்தில் போய் நின்றார். "இங்கன ஒண்ணும் இல்ல சார்." தள்ளச் சொன்னேன். கறுப்பு ரப்பரின் மேல் நீலமாக ஒரு கோடு, ஒட்டுத்தாள் ஒட்டிப் பெயிண்டு அடித்தால் விழும் கோடு. அடுத்துக் கதவும் பின்பக்கத் தகடும் சேரும் இடத்தில் நின்றார். மறுபடியும் அதே வாக்கியம். அவர் விலகியதும் நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். சாய்ந்த வெயிலில் கதவு ஒரு நீலம், பின்தகடு இன்னொரு நீலம்.

அங்கே சர்வீசுக்கு வேன் விட வந்த ஒரு அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முக்கூடல்காரர், அரிசி வியாபாரம் என்று பேச்சில் தெரிந்தது. நான் குனிவதும் நிமிர்வதும் அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

"ஏம் வே, முழு வண்டியையும் எதுக்குத் தடவிக்கிட்டு இருக்கீரு?" என்றார். "அந்த மனுசன் எங்கன நிக்காரோ அங்கன மட்டும் பாரும். நான் வேன் எடுக்கையிலயும் அப்படித்தான். அவரு ஒண்ணும் இல்லம்பாரு. அங்கனதான் இருக்கும்." தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அப்போ உங்ககிட்டயும் மறைச்சிருக்காரு?"

அண்ணாச்சி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையும் என் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மறைச்சாருன்னா..." என்று இழுத்தார். "நீரு படிச்சவரு. நீரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

அண்ணாச்சியின் பெயரையும் ஊரையும் சாட்சி என்று தலைப்பிட்டு எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது முறை ஆய்வகத்திலிருந்து, முதல்வரிடம் எழுதிக் கொடுத்து, பெயிண்டின் கனம் அளக்கும் மீட்டரை எடுத்துப் போனேன். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். தகட்டில் வைத்தால் மைக்ரானில் எண் காட்டும். கூரை, பானெட் என்கிற முன்மூடி, இடது பக்கம் எல்லாம் நூற்றுப் பத்துக்கும் நூற்று இருபத்தைந்துக்கும் இடையில். வலது கதவு இருநூற்று நாற்பது. வலது பின்தகடு இருநூற்றுத் தொண்ணூறு. ஒவ்வோர் இடத்திலும் மும்முறை வைத்துச் சராசரி எடுத்தேன். அவர் குழாயைப் பிடித்தபடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணைச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் வழக்கம். இருநூற்றுத் தொண்ணூறு என்று நான் சொன்னபோது அவர் குழாயை மூடியதைக் கவனித்தேன்.

மேலாளர் அசரவில்லை. "சில பாடிக்கு ஃபேக்டரியிலயே ரெண்டாவது கோட் அடிப்பாங்க சார். அது ஃபேக்டரி குறை. அனுமதிச்ச அளவுக்குள்ளதான் இருக்கு."

அது நடக்கக்கூடியதுதான், எனக்குத் தெரியும். எல்லாம் அங்கேதான் வந்து நின்றது. இரண்டாவது பூச்சு தொழிற்சாலைக்குள் அடித்தது என்றால் அது குறையுள்ள புது வண்டி. வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பிறகு எங்கேயோ இடித்து, ஒடுக்கெடுத்து, பெயிண்டு அடித்தார்கள் என்றால் அது புது வண்டியே இல்லை. மாற்றித்தான் தர வேண்டும். வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை என் மீட்டர் சொல்லாது.

நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மேலாளர் பக்கத்திலேயே நின்றார்.

"லாரியில இருந்து இறக்கும்போது நீங்க இருந்தீங்களா? வண்டி எங்கயாவது அடிபட்டுச்சா?"

அவர் மேலாளரின் ஷூவைப் பார்த்தார்.

"நான் கழுவதோட சரி சார்."

பொய், எட்டு என்று எழுதினேன். முற்றத்தில் சொன்ன ஒன்று, இங்கன ஒண்ணும் இல்ல ஐந்து, அவை ஆறு. ஏழாவது எது என்று இப்போது தேடினால் கிடைக்கவில்லை. எண்ணிக்கையில் நான் தவறிய இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அவர்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்பதற்கு அது ஒரு அளவு.

நான்காவது முறை கிட்டத்தட்டக் கையெழுத்துப் போடத்தான் போனேன். வேறு வழி தெரியவில்லை. மச்சினன் கப்பலிலிருந்து, "அத்தான், என்ன ஆச்சு? நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டு அனுப்பியிருந்தான். மேலாளர் தாளை முன்மூடியின் மேலேயே விரித்து வைத்தார். நான் பேனாவைத் திறந்தேன். மணி பதினொன்று ஐந்து.

அவர் கழுவும் முற்றத்திலிருந்து ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். வலது பின்தகட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அதுவரை ஒருநாளும் அவர் வெறுங்கையால் காரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. துடைக்கும்போதுகூடத் துணி நடுவில் இருக்கும். அன்று உள்ளங்கையை விரித்து அழுத்தமாக வைத்தார், பெட்ரோல் மூடியின் மேல்.

"இங்கன ஒண்ணும் இல்ல சார். பெட்ரோல் மூடிதான்."

மேலாளர், "அவரு பாத்துட்டாரு, நீ போ," என்றார். நான் பேனாவை மூடிவிட்டுப் போய் அந்தச் சிறு கதவைத் திறந்தேன். உட்புறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. லாரியில் ஏற்றும்போது போக்குவரத்துக்காரர்கள் ஒட்டும் ஸ்டிக்கர், கோடுகோடாகப் பார்கோடு அச்சடித்தது. அதன் ஒரு மூலையில், பனி படர்ந்ததுபோல, நீலப் பெயிண்டு தெறித்திருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் அல்ல, மேலே. தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பிறகு ஒட்டிய தாளின் மேல் பெயிண்டு.

மேலாளரின் முகத்தைப் பார்த்தேன். அவர் போன் வந்தது மாதிரி நகர்ந்தார். இவர் ஏற்கெனவே குழாயடிக்குப் போய்விட்டிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். படங்கள், மீட்டர் அளவுகள், ஓர் அட்டவணை. அட்டவணையில் நான்கு பத்திகள்: இடம், நேரம், குறை, ஊழியர் சொன்னது. கடைசிப் பத்தியில் ஆறு வரிகளிலும் ஒரே வாக்கியம். அவர் பெயரை முழுதாக எழுதி, "இவர் குறைகளின் முன் திட்டமிட்டு நின்று மறைத்தார், ஆறு முறை பொய் சொன்னார், தன் கடமையான ஸ்டிக்கர் அகற்றும் வேலையைக்கூடச் செய்யாத அலட்சியக்காரர்" என்று முடித்தேன். மேலாளர் பெயர் கடிதத்தில் வரவில்லை. அவர் ஒன்றையும் மறைத்து நின்றதாக என் குறிப்பில் இல்லை.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. வண்டியை மாற்றித் தருகிறார்கள். கடைசி வரி: உண்மையை மறைத்த ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தக் கடிதத்தை நாட்குறிப்பில் ஓரம் கோணாமல் ஒட்டினேன்.

மாற்று வண்டியை ஒப்படைத்தது வேறோர் ஆள், புதியவர், வாய் ஓயாதவர். உள்ளேயே நிறுத்தியிருந்தார்கள். நான் வெயிலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். மீட்டர் வைத்தேன். எல்லா இடமும் சரி. பழக்கத்தில் பெட்ரோல் மூடியைத் திறந்தேன். சுத்தமாக இருந்தது.

"அதெல்லாம் முதல்லயே எடுத்தாச்சு சார்," என்றார் புதியவர். "எங்க லிஸ்ட்ல முதல் வரியே அதான். ஒண்ணு விட்டாலும் மெமோ."

"முன்னால இருந்தவரு விட்டிருந்தாரே?"

"அதான் சார் எங்களுக்கே புரியல. பதினோரு வருசத்துல அவரு ஒண்ணு விட்டதில்லம்பாங்க. அந்த ஒரு வண்டியிலயும் மத்த ஸ்டிக்கர் அம்புட்டும் எடுத்திருக்காரு. அந்த ஒண்ணத்தான் விட்டிருக்காரு."

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் பிரித்தேன். அளவு எதுவும் மாறவில்லை. ஆறு இடம், ஆறு குறை. உள்ளே இடமிருந்தும் வெயிலில் நிறுத்தினார். தள்ளச் சொன்ன ஒவ்வொரு முறையும் உடனே தள்ளினார். தொடாத கையை ஓரிடத்தில் வைத்தார். எடுக்க வேண்டிய தாள் ஒன்றை எடுக்காமல் விட்டார். இதே வரிகளைத்தான் நான் முன்பும் படித்தேன்.

மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டவணையை மேலிருந்து கீழே விரலால் ஓட்டினாள்.

"ஒரு தடவையாவது குறை இல்லாத எடத்துல நின்னாரா?"

"இல்ல."

"மறைக்கவன்னா அங்கயும் இங்கயும் நிப்பான்லா. நமக்குச் சந்தேகம் வந்துரும்னு."

"நீதான ஜன்னல் உடைச்ச பிள்ளைன்ன?"

"நீங்க 'மறைக்காரு'ன்னுதான சொன்னீங்க. 'நிக்காரு'ன்னு மட்டும் சொல்லியிருந்தா நான் வேற சொல்லியிருப்பேன்."

அவள் மாவு ஆட்டப் போய்விட்டாள்.

திருத்தம் எழுதலாம் என்று தாளை எடுத்தேன். என்ன எழுதுவது? அவர் மறைக்கவில்லை, ஷோரூமுக்குத் தெரியாமல் எனக்குக் காட்டிக் கொடுத்தார் என்றா? மறைத்தார் என்றதில் ஒரு வேலை போயிற்று. காட்டினார் என்று எழுதினால் இனி எந்த ஷோரூமும் அவரை வாசலில்கூட நிறுத்தாது. கடைசியில், ஊழியர் மேல் நான் சொன்ன குற்றச்சாட்டுக்கு ஆதாரம் போதாது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று நாலு வரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஷோரூம் காவலாளியிடம் அவர் ஊரைக் கேட்டேன். "தெக்க எங்கயோ சார்," என்றார்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முழு நம்பிக்கை எனக்கு அப்போதும் வரவில்லை. மறைக்கத் தெரியாமல் மறைத்தவராகவும், அன்று ஒரு நாள் வேலையில் தவறியவராகவும் அவர் இருக்கலாம் என்ற எண்ணம் மூலையில் இருந்துகொண்டே இருந்தது. ஒரே அளவுகளுக்கு இரண்டு விளக்கமும் பொருந்தின. எனக்கு எது வசதியோ அதைத் தேர்ந்தெடுக்கிறேனோ என்று இரண்டின் மேலும் சந்தேகம்.

மச்சினன் வந்தான். காரைச் சுற்றி வந்தான். கூடங்குளம் சாலையில் ஒரு சுற்றுப் போய்வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அத்தான் பாத்தா பாத்ததுதான்."

அடுத்த கல்வியாண்டில் மனைவிக்கு வள்ளியூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. ரயிலில் போய் வருவாள். ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர். அங்கேயே ஒரு ஸ்கூட்டர் வாங்கி ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒரு சனிக்கிழமை இருவரும் போனோம். கடை சின்னது, வாசலிலேயே வண்டி ஒப்படைப்பார்கள். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவர்.

சட்டை வேறு நிறம், இது உடம்புக்குச் சரியாக இருந்தது. பக்கிள் அதே இடது இடுப்பில். என்னைப் பார்த்தார். பிறகு என் கக்கத்தில் இருந்த நோட்டைப் பார்த்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன் சார். இன்னும் எழுதுதீயளா?"

குரலில் குத்தல் இருந்ததா என்று கவனித்தேன். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். திரும்பப் பெற்ற கடிதத்தின் நகல்கூட அந்த நோட்டிலேயே இருந்தது. கடை முதலாளி இரண்டு எட்டில் நின்றார். முதலாளி முன்னால் எதைச் சொன்னாலும் அது இன்னொரு கடிதமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்கூட்டரைச் சுற்றி வந்தேன். வெள்ளை நிறம், பாலும் முத்தும் கலந்த மாதிரி. அவர் என்னோடு நடக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டியிலிருந்து ஆறடி தள்ளி, வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். நான் முன்பக்கம் போனால் திரும்பிப் பார்ப்பார். பின்பக்கம் போனால் திரும்பிப் பார்ப்பார். நகரவில்லை. நான் ஒவ்வொரு மூலையிலும் குனிந்து கொஞ்ச நேரம் காத்திருந்தேன், அவர் வந்து எங்காவது நிற்பார் என்று. ஐம்பது நிமிடம். வியர்வை நோட்டில் சொட்டியது.

"என்னங்க, ஸ்கூட்டர்தான வாங்குதோம்," என்றாள் மனைவி.

நான் பெட்ரோல் மூடியின் மேல் கையை வைத்தேன். வேண்டுமென்றே, அவர் வைத்த மாதிரி, விரித்து. அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"இங்கன ஒண்ணும் இல்லையே?"

அவர் என் கையைப் பார்த்தார். அவர் கண் அந்த இடத்திலிருந்து வேறெங்காவது போகிறதா என்று நான் அவர் கண்ணைப் பார்த்தேன். போகவில்லை.

"இல்ல சார்," என்றார். "எங்கனயும் ஒண்ணும் இல்ல."

மனைவி தாளில் வேலைக்கு நேரே தலைமையாசிரியை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் சாவியை அவள் கையில் கொடுத்து, "பைய ஓட்டுங்க டீச்சர்," என்றார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வள்ளியூர் போய், அந்த ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்து வெயிலில் நிறுத்தி, மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு வாரமும் எண்கள் சரியாகவே இருக்கின்றன. எழுதி வைக்கிறேன். எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை.